ஓரம் நைந்த மஞ்சள் அட்டை

பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக மக்களின் கருத்துக் கேட்கக் கூட்டம் வைத்தோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மிக அவசியமானதை எழுதச் சொல்லி ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களுடன் முன்வரிசையில் இருந்த அம்மா அதை வாங்கவில்லை. அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருந்த, ஓரம் நைந்த வேறொரு மஞ்சள் அட்டையை நீட்டினார். 'தண்ணிக் குழாய்' என்று எழுதியிருந்தது.

"முன்னால வந்தவங்க குடுத்ததுங்க. அதே தேவைதான்."

அதையும் மற்ற அட்டைகளோடு சுவரில் ஒட்டினேன். மாலையில் தலைமைத்துவப் பயிற்சிதான் திட்டத்தில் முதலிடம் பிடித்தது. குழாய் பட்டியலிலேயே இல்லை. எல்லோரும் கலைந்தபின் அந்த அம்மா தன் அட்டையைக் கிழியாமல் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா கழட்டுறீங்கள்?"

அவர் குரலில் கோபமே இல்லை.

"அடுத்து வர்றவங்களும் கேப்பாங்கதானே, சேர்."