மாடல் ஃபிளாட்டில் ஒரு நாள் குடித்தனம்

1. பறவை பஸ்

வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னைக் கேட்டார்: "குமரேசா, ஆள இட்டுனு வரத் தெரியுமா ஒனக்கு?"

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஏகாம்பரம் சார் செங்கல்பட்டில் சிமெண்ட், கம்பி விற்றுக்கொண்டிருந்தவர். மதுராந்தகம் போகும் வழியில் கொஞ்சம் நிலம் வாங்கி மனை பிரித்திருந்தார். கல் நட்டு, சுண்ணாம்பு அடித்து, வாசலில் வளைவும் கட்டிவிட்டார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் அதுவரை மிக்ஸி, கிரைண்டர் தவணைக்கு விற்றுக்கொண்டிருந்தவன். ஆள் கூட்டுவது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

வேடந்தாங்கலில் பறவைகள் வந்து இறங்கியிருந்த நேரம். "இலவசப் பறவைச் சுற்றுலா, சாப்பாடு உண்டு, குடும்பத்தோடு வாருங்கள்" என்று நோட்டீஸ் அடித்து ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று கொடுத்தேன். இரண்டு பஸ் பிடித்தோம். நின்றுகொண்டுகூட வந்தார்கள். திரும்பும்போது இரண்டு பஸ்ஸையும் மனைக்குள் திருப்பினோம். முதலாளி வெள்ளை வேட்டியில் வளைவுக்குக் கீழே கும்பிட்டபடி நின்றிருந்தார். பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். இறங்கியவர்கள் ஒதுங்குவதற்காகத்தான் இறங்கினார்கள். ஒரு பெரியவர் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அன்று மனை கேட்டவர் ஒரே ஒருவர், இரண்டாவது பஸ்ஸின் டிரைவர்.

"ஆளுங்க வந்துச்சு. வாங்கறவன் எங்கய்யா?" என்றார் முதலாளி.

விசாரித்து வருபவரை எங்கள் தொழிலில் 'லீட்' என்போம். வந்தவர்களில் வாங்கும் எண்ணமும் வசதியும் உள்ளவர் யார் என்று பிரித்தெடுப்பதற்கு 'குவாலிஃபை' பண்ணுவது என்று பேர். அன்று பஸ் நிறைய லீட் வைத்துக்கொண்டு ஒருவரைக்கூட நான் பிரித்தெடுக்கவில்லை. டிரைவரும் தானாக வந்து கேட்டவர்தான்.

2. அட்டை டிவி

அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் மனை விற்றோம். நாவலூர்ப் பக்கம் ஐடி கம்பெனிகள் வரிசையாக வந்ததும் முதலாளிக்கு அபார்ட்மெண்ட் கட்டும் ஆசை பிடித்தது. வயலாகக் கிடந்த ஓர் இடத்தை வாங்கினார். எட்டு மாடி பிளான். இரண்டு தளம் எழும்பியதும் முதல் மாடியில் ஒரு ஃபிளாட்டை மட்டும் டைல்ஸ், பெயிண்ட், கட்டில், சோபா எல்லாம் போட்டு முழுசாக முடித்தோம். அதுதான் மாடல் ஃபிளாட். அதைக் காட்டித்தான் மற்றதை விற்க வேண்டும்.

மூன்று மாதம் ஒரு புக்கிங்கும் இல்லை. சனிக்கிழமைகளில் ஐடி பிள்ளைகள் பைக்கில் வருவார்கள். சுற்றிப் பார்ப்பார்கள், கலர் நோட்டீஸை வாங்கிக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை சரவணன் என்பவர் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் வந்தார். ராஜபாளையத்துக்காரர்கள். அவர் பக்கத்து கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தார். மனைவி கலைச்செல்வி நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தார், உள்ளே விளக்கு எரியவில்லை. ஹாலில் இருந்த டிவியைத் தட்டிப் பார்த்தார். அது டிவி மாதிரி அச்சடித்த அட்டை.

"இதுல எதுண்ணே நெசம்?" என்று என்னைக் கேட்டார்.

சரவணனுக்குச் சங்கடமாகிவிட்டது. "சும்மா இரு கலை."

"நான் என்ன தப்பாவா கேட்டேன்? இப்ப இருக்கிற வாடகை வீட்ல, காலையில ஏழு மணிக்கு மேல மோட்டார் போட மாட்டேங்கிறாங்க. பிள்ளையக் குளிப்பாட்டணும்னா கெஞ்சணும். ஒரு வீட்ல ஒரு நாளாவது பொழங்கிப் பார்த்தாத்தானே அது வீடான்னு தெரியும்?"

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போனேன். "சார், மாடல் ஃபிளாட்டுக்குத் தண்ணி, கரண்ட், கேஸ் கொடுத்துருவோம். வாங்கற மாதிரி தெரியற குடும்பத்தைச் சனி ஞாயிறு அங்கேயே தங்கவிடுவோம்."

"இன்னாய்யா, லாட்ஜா நடத்தச் சொல்றே? துன்னுட்டுத் தூங்கிட்டுப் பூடுவானுங்கோ. பறவை பஸ்ஸு மறந்துபோச்சா?"

"அதனாலதான் சார் கண்டிஷன் போடறோம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும். சம்பள ஸ்லிப் கொண்டாரணும். அரிசி பருப்பு அவங்க எடுத்துக்கினு வந்து அங்கேயே சமைக்கணும்."

முதலாளி கால்குலேட்டரை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்தார். "பேஜாரான ஆளுய்யா நீ. செய்யி."

3. சனி, ஞாயிறு

முதலில் தங்கியது சரவணன் குடும்பம்தான். கலைச்செல்வி குக்கரும் அரிசியும் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலைத் தன் சேலைத் தலைப்பால் அளந்துகொண்டிருந்தார், திரைச்சீலைக்கு. ஞாயிறு காலை நான் போனபோது குழந்தை ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்து, "ரெண்டு தடவை குளிச்சேன்" என்றது. மறுவாரமே நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு வாரம் ஒரு குடும்பம். இது லாட்ஜ் நடத்துவதைவிடக் கஷ்டம் என்று சீக்கிரமே தெரிந்தது. சிலர் பையை வைத்துவிட்டு நேராக மாமல்லபுரம் போய் மீன் வறுவல் தின்று, பொழுது சாய்ந்து வந்து படுத்துக்கொள்வார்கள். அவர்கள் வாங்க மாட்டார்கள். லாஃப்டில் ஏறிப் பார்ப்பவர், ஒவ்வொரு அறையிலும் படுத்துப் பார்ப்பவர், பால்காரர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று கேட்பவர், இவர்கள் வாங்குவார்கள். வெளியே வந்து கதவைப் பூட்டிய பிறகு பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறாரா என்று கவனிப்பேன். அடுத்தவர் வீட்டை யாரும் அப்படி இழுத்துப் பார்ப்பதில்லை.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த தேவராஜ் ஞாயிறு சாயங்காலமாகியும் சாவியைத் தரவில்லை. மேற்கு வெயில் படுக்கையறைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரிடம் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. மறுநாளே புக் பண்ணினார்.

வீட்டைச் சுத்தம் செய்ய அஞ்சலை என்ற அம்மா வருவார். பக்கத்துக் காலனி. இதே இடத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். "அப்போ சேத்துல நின்னோம், இப்போ டைல்ஸ் தொடச்சிக்கினு கீறோம். இடுப்பு வலி ஒண்ணுதான்" என்பார். யார் வாங்குவார் என்று என்னோடு பந்தயம் கட்டுவார். நிறையச் சாமான் கொண்டுவருகிறவர்தான் வாங்குவார் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் தோற்பார்.

ஆபீஸ் சுவரில் இருந்த பிளானில் விற்ற ஃபிளாட்டுக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டுவோம். வருஷம் முடிவதற்குள் பாதிக்கு மேல் சிவப்பாகிவிட்டது. என் வாழ்க்கையில் தொழில் நன்றாக நடந்த காலம் அதுதான்.

4. கடலோரம்

ஒரு நாள் முதலாளி என்னைக் காரில் மாமல்லபுரம் தாண்டி அழைத்துப் போனார். பனைமரமும் மணலுமாக ஓர் இடம். அப்பால் கடல்.

"வாங்கிட்டேன் குமரேசா. இங்க காட்டேஜ் கட்டப் போறோம். வெள்ளக்காரன் வந்து படுத்துக்கினு இருப்பான். நீ அவனுக்கு ஒரு ஐடியா யோசி."

"இது எந்தப் பணம் சார்?"

"எல்லாம் நம்ம டப்புதான். அங்கேருந்து இங்க, இங்கேருந்து அங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காற்று பலமாக அடித்தது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு காட்டேஜ் வரும் இடங்களைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். விற்பனை இப்படியே போகும் என்று நிஜமாகவே நம்பினார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. அமெரிக்காவில் பேங்குகள் விழுந்ததாகப் பேப்பரில் வந்தது. நாவலூரில் பைக் கூட்டம் குறைந்தது. புது புக்கிங் நின்றது. பழைய புக்கிங்கில் வந்த பணம் மணலில் கிடந்தது. கடலோர நிலத்தை விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. மூன்றாவது மாடி தளம் போட்டதோடு கம்பி லாரி வருவது நின்றது. கட்டட வேலை செய்த ஒடிசா பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

சரவணன் வாங்கிய நாலாவது மாடி காற்றில் இருந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மூன்று பேரும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தை பிறந்தால் வேலை ஆரம்பித்துவிடும் என்று நான் சொல்வேன். எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

தை பிறந்தது. சரவணனுக்கு வேலை போயிற்று.

5. கொடியில் துணி

ஒரு திங்கள்கிழமை காலை கலைச்செல்வி மட்டும் ஆபீஸுக்கு வந்தார்.

"அண்ணே, வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இவருக்குச் சனிக்கிழமை வரைக்கும் ரெண்டு எடத்துல இண்டர்வியூ இருக்கு. அதுவரைக்கும் அந்த மாடல் வீட்ல இருந்துக்கிறோம். கிடைக்கலேன்னா ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருவோம்."

முதலாளியைக் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். அந்த வீட்டைப் பார்க்க வேறு யாரும் வருவதாக இல்லை. கலைச்செல்வி முதலில் செய்த காரியம் அந்த அட்டை டிவியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புக் பண்ணிய பத்துப் பதினைந்து பேர் ஒன்று சேர்ந்து சண்டைக்கு வந்தார்கள். தேவராஜ்தான் முன்னால் நின்றார். முதலாளி போனை எடுக்கவில்லை. நான்தான் கேட்டில் நின்று பதில் சொன்னேன். அப்போது யாரோ மேலே கையைக் காட்டினார்கள். முதல் மாடிப் பால்கனியில் கொடி கட்டி, குழந்தையின் கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

"அவங்களுக்கு மட்டும் சாவி குடுத்துட்டியா? எவ்வளவுய்யா வாங்கினே?" என்று தேவராஜ் கத்தினார். நான் விளக்கம் சொல்வதற்குள் எல்லோரும் படியேறிவிட்டார்கள்.

கலைச்செல்வி கதவைத் திறந்தார். பின்னால் ஹாலில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. இரண்டு இண்டர்வியூவிலும் வேலை அமையவில்லை. சரவணன் சுவரோரம் எழுந்து நின்றார்.

"இது எங்க வீடு இல்லைங்க" என்றார் கலைச்செல்வி. "உங்க வீடு மாதிரிதான் எங்க வீடும். மேல இருக்கு, இன்னும் கட்டலை. உள்ள வாங்க. பால் இருக்கு, காப்பி போடறேன்."

எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் அங்கே தங்காதவர் ஒருவருமில்லை. ஒருவர் போய் ஸ்விட்சைப் போட்டு அணைத்தார். ஒரு அம்மா சமையல் மேடையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். தம்ளர் பற்றாமல் இரண்டு தடவையாகக் காப்பி குடித்தார்கள்.

மத்தியானம் ஆட்டோ வந்தது. குழந்தை இறங்க மாட்டேன் என்று கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. சரவணன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். அஞ்சலை படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு தேவராஜ் மட்டும் கேட்டருகே நின்றார்.

"சார், அடுத்த ஞாயிறு ஒரே ஒரு நாள் எனக்குக் குடுங்க. வேலூர்லேருந்து மாமனார் வர்றாரு. வீடு முடிஞ்சிடுச்சுன்னு போன வருஷமே சொல்லிட்டேன்."

சரி என்றேன். ஆனால் நடுவிலேயே முதலாளிக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து மாடல் ஃபிளாட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். போன் பண்ணிச் சொன்னேன். "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னார். இருந்தும் ஞாயிறு காலை மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் கையில் ஸ்வீட் பாக்ஸ். தேவராஜ் ரோட்டிலேயே நின்று கையை நீட்டினார்.

"அதோ, முதல் மாடி. அந்தப் பால்கனிதான் மாமா. உள்ள பெயிண்ட் அடிச்சுக்கினு இருக்காங்க, இன்னிக்குப் போக முடியாது."

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பால்கனியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என்னிடம் வந்து ஸ்வீட் பாக்ஸைத் திறந்து நீட்டினார். "நல்லாக் கட்டியிருக்கீங்க தம்பி."

ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தேவராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தைப் பிறகு வேறு யாரோ வாங்கி, வேறு பெயரில் முடித்தார்கள். புக் பண்ணியவர்கள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். முதலாளி செங்கல்பட்டில் வீட்டோடு முடங்கிப்போனார். கலைச்செல்வியிடமிருந்து எனக்குத் தகவல் இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் புது மாதிரி ஐடியா கேட்கிறார்கள். மாடல் ஃபிளாட் கதையைச் சொன்னால் கண் விரியக் கேட்டு, கண்டிஷன்களைப் போனில் குறித்துக்கொள்கிறார்கள். முடிவில் ஒன்று சேர்த்துச் சொல்வேன்: வருகிறவர் வாங்குவாரா என்று சோதிப்பதற்கு முன்னால், விற்றதைக் கட்டிக் கொடுக்கப் பணம் எங்கே இருக்கிறது என்று உன் முதலாளியைக் கேள். சிரித்து மழுப்பினால் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வராதே.

அதை அவர்கள் குறித்துக்கொள்வதில்லை.