ஒக்டோபரில் வெட்டிய ரீஸ்லிங்

1. எல்லாம் தெரிந்தவன்

குளிர்நாட்டுத் தீவான இல்-பிசாரில் ஒரு சிறிய திராட்சைத் தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயது ஐம்பத்தாறு. யாழ்ப்பாணத்தில் விவசாயம் படித்துப் பட்டம் பெற்றவன். வீட்டுப் பந்தலில் திராட்சையும் வளர்த்தவன். முதலாளி உர்சுலா ஜெர்மன்காரி. "திராட்சை வேலை தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியாதது ஒண்டுமில்லை, மேடம்" என்றேன். அவர் பேசியதும் நான் பேசியதும் ஆங்கிலம். எழுதும்போது எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது.

கூட வேலை செய்த அன்ரன், மன்னார்ப் பெடியன், வெளியே வந்ததும் சொன்னான்: "அண்ணை, முதல் நாளிலை கொஞ்சம் குறைச்சுக் கதைச்சிருக்கலாம்."

உர்சுலா சொல்லித் தந்த அடிப்படைகள் இவை. ஜெர்மனியில் திராட்சைக்கு வெயில் போதாது. ஆகவே தெற்குப் பார்த்த சரிவுகளில், ஆற்றை அண்டி நடுவார்கள். அங்குள்ள கரிய சிலேட்டுக் கற்கள் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் திருப்பித் தரும். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை அங்கே ராணி. தாமதமாகப் பழுக்கும், புளிப்பை இழக்காது. பறிக்கும்போது சாற்றில் உள்ள சர்க்கரையை எக்ஸ்லே என்ற அளவால் பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் கபினெட், அதற்கு மேல் ஸ்பேட்லேசே, அதற்கும் மேல் அவுஸ்லேசே என்று தரம் பிரிப்பது. இது பழத்தின் இனிப்பு. போத்தலில் உள்ள வைனின் இனிப்பு அல்ல. இனிப்பில்லாத வைன் என்றால் 'ட்ரொக்கன்' என்று தனியாக எழுதியிருக்கும்.

எங்கள் தோட்டம் முழுக்கக் குளிர் தாங்கும் கலப்பினங்கள். மூன்று வரிசை மட்டும் ரீஸ்லிங். "இந்தத் தீவிலை அது நிண்டு காட்டினால் எனக்கு வேறொண்டும் வேண்டாம்" என்பார் உர்சுலா.

2. கவாத்து

ஒக்டோபரில் பறிப்பு முடிந்ததும் உர்சுலா சகோதரியைப் பார்க்க ஜெர்மனிக்குப் போனார். மே மாதம்தான் திரும்புவார். குளிருக்கு முன் கொடிகளின் அடியில் மண் அணைக்க வேண்டும், கொப்பு வெட்டும் கவாத்து ஏப்ரலில். இப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு நான் கத்தியை எடுத்தேன். எங்கள் ஊரில் இலையை உருவி, கொப்புக்கு இரண்டு துளிர்க்கண் விட்டு ஒட்ட வெட்டினால் கொடி உடனே துளிர்த்துக் காய்க்கும். மூன்று வரிசையையும் அப்படியே வெட்டினேன்.

"அண்ணை, மனுசி ஏப்ரல் எண்டெல்லோ சொன்னவ?"

"வெட்டாமல் காய்க்குமோடா?"

"எனக்கென்ன தெரியும்? நான் மன்னாரிலை மீன் வித்தவன்."

குளிர்நாட்டில் கொப்புகளை நீளமாக விட்டுவைக்க வேண்டும். பனியில் பாதிக் கண்கள் செத்தாலும் மீதி இருக்கும். ஏப்ரலில் உயிருள்ளதைப் பார்த்து வெட்டலாம். நான் விட்ட இரண்டு கண்ணும் செத்தன. அதிர்ஷ்டத்துக்கு, மண் அணைக்கச் சொன்னதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

3. பெக்கோ வந்த காலை

மே மாதம் உர்சுலா வந்து காய்ந்த கொப்புகளைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப வெட்டினனீர்?"

"ஏப்ரலிலை. அதுக்கு முதலே செத்துப்போச்சு. குளிர்தான்."

அன்ரன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். காட்டிக்கொடுக்கவில்லை. உர்சுலா தலையாட்டினார். ரீஸ்லிங் இந்த மண்ணுக்குச் சரிவராது என்று முடிவெடுத்து, கொடிகளைப் பிடுங்கச் சின்னப் பெக்கோ இயந்திரம் ஒன்றை வரவழைத்தார்.

முதல் வரிசை முழுதும் போனது. பிடுங்கிய ஒரு கொடியை அன்ரன் தூக்கிக் காட்டினான். மண்ணுக்குள் இருந்த அடிக்கட்டையில், ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே, வெள்ளையாக ஒரு துளிர்.

"உயிர் இருக்கு, மேடம்!"

"இந்த வருசம் இருக்கும். வாற குளிருக்குப் பேந்தும் சாகும்" என்றார் உர்சுலா. பெக்கோ இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது.

நான் குறுக்கே போய் நின்றேன். "மேடம், பிழை குளிரிலை இல்லை. நான் ஒக்டோபரிலை வெட்டினனான்."

"உங்கட ஊரிலை பனி கொட்டுமோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை."

அவர் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திடீரெனச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வெட்டினதுக்குக் கோவமில்லை. ஏப்ரல் எண்டீரே, அதுக்குத்தான்." பெக்கோக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

4. கபினெட்

மிஞ்சிய இரண்டு வரிசையும் அடியிலிருந்து எழும்பின. மூன்றாம் இலையுதிர் காலத்தில், ஞாயிறு பூசை முடிந்து எங்கள் தேவாலயப் பங்குச் சனம் பறிக்க வந்தது. வாளியில் விழுந்ததைவிட வாயில் விழுந்ததுதான் கூட. "இண்டைக்கு வைன் வராது, வயித்துவலிதான் வரும்" என்று அன்ரன் கத்தினான். உர்சுலா ஒரு பழத்தை நசுக்கி, சர்க்கரை பார்க்கும் கைக்கருவியில் ஒரு துளி விட்டு, கண்ணை வைத்துப் பார்த்தார். "கபினெட்!" என்று அலறி, பக்கத்தில் நின்ற அன்ரனைக் கட்டிப்பிடித்தார்.

அந்த வைனைப் பக்கத்து ஊரான பியர்பொன்ட்ஸில் அன்ரன் வீட்டில் நண்டுக்கறியோடு குடித்தோம். புளிப்பும் மெல்லிய இனிப்பும் உறைப்பைத் தணித்தன. உர்சுலாவுக்கு மூக்கு ஒழுகியது. மூன்று தரம் கறி கேட்டு வாங்கினார்.

முதல் வரிசையில் இப்போது நிற்பவை புதிதாக நட்ட கன்றுகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவை ஏன் சின்னவை என்று கேட்டால், உர்சுலா என் பக்கம் கை காட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் பறிப்புக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் எனக்குத் தந்த தண்டனை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரிக்கிறார்கள்; நானும் சிரிக்கிறேன். ஆனாலும் துளிரோடு பிடுங்கப்பட்ட அந்தக் கொடிகளை நினைத்தால் மனம் குறுகுகிறது.

வேலையில் பிழை விடுவீர்கள். விட்டால், எப்போது, என்ன செய்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதை மற்றவர் நீங்கள் சொன்னதை நம்பித்தான் தீர்மானிக்கிறார்.