பால் வேனில் வந்த சுறாப்புட்டு

“...ஒரு சொட்டுகூட இல்ல மாமா. அந்தப் பால்பவுடர் டப்பாவையே எடுங்க. இனிமே நான் யாரக் கேக்கறது?” என்றாள் என் மனைவி. சிதம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாயில் எங்கள் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள்தான் அவளுடைய அம்மாவைக் கடலூரில் அடக்கம் செய்தார்கள். எங்களால் போக முடியவில்லை. தலையிலிருந்து கால்வரை கவச உடை போட்டவர்கள் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கியதைக் கைபேசியில் பார்த்தோம். அந்த வீடியோவும் பாதியில் நின்றுபோனது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் அத்தைக்கு மாற்றுப் பேச்சே கிடையாது. கடலூர்க் கரையோரத்து மீன்பிடிக் குடும்பம் அவர்களுடையது. அத்தை மஞ்சக்குப்பத்தில் தெருத் தெருவாக மீன் விற்றவர். மகளுக்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஏணைக்குக் கயிறும் கட்டி வைத்திருந்தார். அழைத்துப்போக வருவதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. குமராட்சிப் பக்கம் இருக்கும் என் வீட்டாரோ, எங்கள் காதல் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தியவர்கள். ஆஸ்பத்திரியில் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த நர்ஸ், “பெரியவங்க யாரும் வரலியா?” என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் பைக் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பயம், தனக்குப் பால் இல்லை என்று. குழந்தை சிணுங்கினால் போதும், “பாத்தீங்களா, பசி அடங்கல” என்று அவளும் அழுவாள். டாக்டர் பால் இருக்கிறது என்றார். அவள் நம்பவில்லை. அத்தைக்குப் போன் போடுவாள்.

“ஏண்டி, புள்ள அழுவுறது பசிக்கு மட்டுமா? அதுக்கும் பொழுது போவணும்ல?” என்பார் அத்தை. இவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு அடுத்த அழுகைவரை தாங்கும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாவில் புட்டு செய்து கொடுப்பது அவர்கள் வழக்கம். கடலுக்கே யாரும் போகாத நாட்களில் சுறாவுக்கு எங்கே போவது? சின்னப் படகுகளுக்கு அனுமதி கிடைத்ததும் அத்தை கரைக்கு ஓடியிருக்கிறார். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு வதக்கி, சிதம்பரம் வரும் பால் வேனில் தூக்குச் சட்டியை ஏற்றிவிட்டார். “என்னையும் ஒரு கேன் மாரி ஏத்திக்கடான்னு கேட்டன் மாப்ள. போலீசு புடிப்பான்னுட்டான்” என்று என்னிடம் புலம்பினார்.

சட்டியைத் திறந்ததும் வீடே கடலூராக மணத்தது. என் மனைவி வழித்துச் சாப்பிட்டாள். மறுநாள் குழந்தை குடித்துவிட்டு வாயோரம் வழிய வழியத் தூங்கியது. அவள் போனை எடுத்து, “வருதும்மா, வருது!” என்று கத்தினாள். வேலை செய்தது புட்டா, அம்மா கைப்பட்டது வந்த தெம்பா, எனக்குத் தெரியாது. ஆராய்கிற நிலையிலும் நான் இல்லை. “மாப்ள, ஒங்க டாக்டருக்கும் கொஞ்சம் புட்டு குடுத்துட்டு வாங்க” என்றார் அத்தை, போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி.

ருசி கண்டது மகள் இல்லை, அத்தைதான். மறுபடி சுறா வாங்கக் கரைக்குப் போனார். ஏலத்தில் நெருக்கியடித்த கூட்டம். அடுத்த வாரம் காய்ச்சல். கரையில் தொற்றியதா, தெருவில் தொற்றியதா, யார் கண்டது? என் மனைவி மட்டும் முடிவே கட்டிவிட்டாள்: “எனக்காவத்தான கரைக்குப் போச்சு அம்மா.”

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் வந்த அத்தைக்கு முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. “ஒண்ணுமில்லடி, மோட்டாருதான் கொஞ்சம் எரைக்குது. புள்ளயக் காட்டு” என்றார். “இப்பதாம்மா தூங்குது, எழுந்ததும் காட்டறேன்” என்றாள் இவள். குழந்தை எழுந்தபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

அதனால்தான் அன்று அவள் பவுடர் டப்பாவை எடுக்கச் சொன்னபோது நான் வாதாடவில்லை. வெந்நீர் வைக்க எழுந்தேன். குழந்தை இன்னும் பலமாக அழுதது. திரும்பிப் பார்த்தால், இவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, ஈரம் வயிறுவரை இறங்கியிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

“இந்தாம்மா, குனிஞ்சு பாரு” என்றேன்.

குனிந்து பார்த்தாள். கையால் தொட்டும் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையை அள்ளி மாரோடு சேர்த்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்து, அம்மாவுக்குப் போட்டாள்.