மண்டபச் சுவரில் எனக்கென்று இருந்த இடம்

அந்த மணிச் சத்தம் இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது...

எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில், விவாத மேடையின் ஓரத்தில் ஒரு சின்னப் பித்தளை மணி. உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்னும். பேசுகிறவருக்கு நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மணியைத் தட்டுகிறவன் தயாபரன். பேசுகிறவன் நான்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிய பழைய இங்கிலிஷ் ஸ்கூல் எங்களுடையது. மண்டபத்துக்குள் நுழைந்தாலே வௌவால் மணம் அடிக்கும். சுவரில் வரிசையாகப் படங்கள்... கோட்டுப் போட்ட, கண்ணாடி போட்ட ஐயாமார். எல்லாரும் எங்கள் பழைய மாணவர்கள், எல்லாரும் அரசியலுக்குப் போய்ப் பெயர் எடுத்தவர்கள். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் வெறும் சுவர்.

மாதிரிப் பாராளுமன்றத்தில் நான் முழங்கி முடித்த ஒரு நாள், இங்கிலிஷ் மாஸ்டர் அந்த வெறும் இடத்தைக் கையால் காட்டினார்.

"அந்த இடம் உனக்குத்தானடா தம்பி!"

அன்றிலிருந்து எனக்குப் பெயர் எம்.பி. வகுப்பு நண்பர்கள் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தயாபரன் இங்கிலிஷில் வாயைத் திறந்தால் மண்டபமே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதனால்தான் மாஸ்டர் அவனை மணிக்கு விட்டார்.

பிறகு நாட்டை விட்டு ஓடி வந்ததில் இரண்டு பேரும் டென்மார்க்கில், அதுவும் ஒரே ஊரில், சில்க்போர்க்கில் வந்து விழுந்தோம். டேனிஷ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

எனக்கு அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. டேனிஷில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்வேன். "நல்ல இங்கிலிஷ்" என்பார்கள், உச்சி குளிரும். டேனிஷில் ஒரு சொல் பிழைத்து யாராவது சிரித்துவிட்டால்? எம்.பி.க்கு அது தாங்காது. பிழை விடுவதென்றால் வாயைத் திறக்காதே என்று வளர்த்த பள்ளிக்கூடம் அது. இப்படியே தலை நரைத்துவிட்டது. கதைக்கத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து, தொழிற்சாலையில் மெஷினோடு நின்றுகொண்டேன்.

தயாபரனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இருக்கிற கிழவர் கிழவிகளோடு வாய் ஓயாத கதை. அவர்கள் சிரிப்பார்கள், திருத்துவார்கள், அவன் திரும்பவும் பிழையாகவே சொல்வான். சிரிப்பு வாங்கிப் பழகினவன்தானே!

எங்கள் ஸ்கூல் பொடியன்களில் லண்டனில் ஒருவன், கனடாவில் ஒருவன் என்று கவுன்சிலர் ஆனபோது, எங்கேயோ தூரத்தில்தானே என்று மனதை ஆற்றிக்கொண்டேன். போன நகரசபைத் தேர்தலில் தயாபரன் நின்றான். அதுவும் என்னுடைய ஊரில்...

எங்கள் வீட்டுக்கு முன்னால், பஸ் தரிப்பிடத்து லைட் கம்பத்தில் அவனுடைய போஸ்டர். நான் வேலைக்குப் போகிற நேரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். பார்க்கப் பொறுக்காது, பொய் சொல்லி என்ன? ஒருநாள் காற்றில் கட்டு அறுந்து தலைகீழாகத் தொங்கினான். மனதுக்குச் சுகமாக இருந்தது. பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் போஸ்டர் நேராக நிற்கிறது. கட்டியது என்னுடைய மகள்!

"உனக்கேன் பிள்ளை இந்த வேலை?" என்று கேட்டேன். டேனிஷில்தான் பதில் வந்தது. அந்த மாமா எல்லாரோடும் டேனிஷில் கதைக்கிறாராம். அப்பா கதைத்து அவள் கேட்டதேயில்லையாம்.



லைப்ரரியில் நடந்த தேர்தல் கூட்டத்துக்குப் போனேன். அவன் சறுக்குவதைப் பார்க்கத்தான் போனேன். நன்றாகவே சறுக்கினான். ஒரு வசனம் எங்கேயோ போய் முட்டி நின்றது, கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான்... அதே பழைய மண்டபச் சிரிப்பு. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான், எல்லாரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

நகரசபைக் கதிரையை அவனே வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பொறாமை அந்தச் சிரிப்பில்தான் என்று அங்கே இருந்தபோதுதான் விளங்கியது.

வோட்டை அவனுக்கே போட்டேன். மகள் கேட்பாளே என்பதற்காக இல்லை... சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

வென்றுவிட்டான்.

பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வாழ்த்து. நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு செய்தி. மண்டபத்தில் மாட்டத் தயாபரனின் படம் வேண்டுமாம். சுவரையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் அதே வெறும் இடம்... ஆணி அடித்தாகிவிட்டது.

நானும் ஒரு கைதட்டல் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்னேரம் அவனே கூப்பிட்டான்.

"எம்.பி., சனிக்கிழமை இங்க ஒரு மண்டபத்தில சின்னக் கொண்டாட்டம். டேனிஷ் ஆக்களும் வருவினம். நீ ரெண்டு வார்த்தை கதைக்க வேணும்."

"இங்கிலிஷில எண்டாக் கதைக்கிறன்."

"இல்லை மச்சான், டேனிஷில கதை. பிழைச்சாப் பிழைக்கட்டும், சிரிச்சாச் சிரிக்கட்டும். மணி நான் அடிக்கிறன்!"

அந்த நாளில் அவன் மணியைத் தட்டினால் எனக்கு எரிச்சல் வரும், சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்று. இப்போதும் அதே ஆள், அதே எரிச்சல். ஆனால் இந்த நாட்டில் நான் இன்னும் பேசத் தொடங்கவேயில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. இன்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, பேசப்போவதை டேனிஷில் மகளுக்குச் சொல்லிக் காட்டினேன். முதல் வசனத்திலேயே சிரித்துவிட்டாள்.

நானும் சேர்ந்து சிரித்துப் பார்த்தேன்... அவனுக்கு வருகிற மாதிரி வரவில்லை.