பதினாறு டாங்கிகளுக்கு ஒரு பெயர்

எனக்குப் பிடித்த பெயர் 'புழுதிக்கோடு'. அவனுக்குப் பிடித்தது 'ஆறாம் நாள்'. கெலிஓயாவில் கண்டி பஸ் ஏறும்வரை இதற்காகச் சண்டை. ஏறிய பிறகும் அதே சண்டை.

அவன் என் வகுப்புத் தோழன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை இருவரும் சேர்ந்து செய்திருந்தோம். இரண்டாம் உலகப் போர், பர்மா, ஐராவதி ஆற்றைக் கடந்து வறண்ட சமவெளியில் ஓடும் டாங்கிகள். அந்தப் போரை நடத்தியவர்களின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்ததாம். நூலகத்தில் அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற பூந்தோட்டம்!

அவனுடைய வாப்பாவின் தளபாடப் பட்டறையில் கழிந்த மரத்துண்டுகளைச் செதுக்கிப் பதினாறு டாங்கிகள் செய்தோம். பக்கத்துக்கு எட்டு. பீரங்கிக் குழலுக்குத் தலை வெட்டிய ஆணி. எங்கள் பெருமையெல்லாம் புழுதி விதியில்தான். வேகமாக ஓடும் டாங்கிக்குப் பின்னால் ஒரு துளி பஞ்சு வைக்க வேண்டும். பஞ்சு இருந்தால் எதிரிக்குத் தெரியும், சுடலாம். மெதுவாகப் போனால் பஞ்சு இல்லை, ஆனால் பிடிக்க வேண்டிய ஊருக்கு ஆறு நாளில் போய்ச் சேர முடியாது. அவனுடைய பெயர் அந்த ஆறு நாளிலிருந்து வந்தது, என்னுடையது பஞ்சிலிருந்து.

வரைபடத்தில் மட்டும் ஒரு திருட்டு வேலை. நூலகப் புத்தகத்தில் ஐராவதி வெறும் நீலக்கோடு. வளைவு நெளிவு ஒன்றும் இல்லை. அதனால் பாடசாலையில் புவியியலுக்குப் பாவித்த, மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவுப் படத்தில் இருந்து எங்கள் மகாவலி ஆற்றை ஒற்றி எடுத்து, ஐராவதி என்று எழுதிவிட்டோம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கண்டியில் ஒரு புத்தகக் கடைக்காரர் பத்துப் பெட்டி வைத்துப் பார்க்கலாம் என்றார். மூடியில் அச்சடித்த பெயர் வேண்டும், அது உலகத்தில் வேறு யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து தேடினோம். இரும்பு, உருக்கு, இடி, புயல், பாலைவனம்: இங்கிலீஷில் எதைத் தட்டினாலும் ஏற்கெனவே ஒரு விளையாட்டு இருந்தது. சரி, தமிழில் வைப்போம் என்று முடிவெடுத்தோம். சண்டை அங்கேதான் ஆரம்பம். பெயரை அச்சடிக்கக் கண்டி அச்சகத்துக்குப் போகிற அன்றும் அது தீரவில்லை.

"ஆறாம் நாள்னா என்னாடா? காய்ச்சலா?" என்றேன் பஸ்ஸில்.

"புழுதிக்கோடு எண்டா மட்டும்? வூடு கூட்டாத மாதிரி ஈக்கி."

"டாங்கி ஓடுறப்ப..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். முன் ஆசனத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள். வடக்கில் சண்டை மூர்க்கமாக நடந்துகொண்டிருந்த காலம். தமிழில் சத்தமாகப் பேசுவதே அளவோடு இருந்தது. அதில் டாங்கி வேறு.

"மெதுவா பேசுடா," என்றேன்.

"நீதானே கத்தினாய்," என்றான். "சரி, அச்சகத்துல முடிவெடுப்பம்."

அச்சகம் வருமுன் பாலத்தடிச் சோதனைச் சாவடி வந்தது. எல்லோரும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். விளையாட்டுப் பெட்டி என் பையில். சிப்பாய் மூடியைத் திறந்தார். ஆணி அடித்த மரக்கட்டைகள், பஞ்சு, ஆறும் பாலமும் வரைந்த படம், விதிகளைத் தமிழில் எழுதிய கொப்பி. அவர் ஓரடி பின்வாங்கினார். அவர் எனக்குப் பயப்படுகிறார் என்பது, நான் அவருக்குப் பயப்பட்டதைவிடப் பயங்கரமாக இருந்தது.

அதிகாரியைக் கூப்பிட்டார்கள். பஸ் கிளம்பத் தயாரானது. கொண்டக்டர் என் நண்பனைப் பார்த்து, "வாரதுன்னா ஏறுங்க தம்பி," என்றார். அவன் ஏறியிருக்கலாம். பெட்டி அவன் கையில் இல்லை. அடையாள அட்டையிலும் அவனுக்கு வில்லங்கம் இல்லை. ஆனால் அவன் அதிகாரியிடம் போய், "அது ரெண்டு பேருடையதும், சேர்," என்று சிங்களத்தில் சொன்னான். பஸ் போய்விட்டது.

அவனை மரத்தடியில் நிறுத்தினார்கள். என்னைத் தகரக் கொட்டகைக்குள் வாங்கில் உட்கார வைத்தார்கள்.

என் அட்டையில் பிறந்த இடம் வவுனியா. கலவரத்துக்குப் பயந்து வீட்டார் தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்கே போனார்கள், நான் அங்கே பிறந்தேன், மூன்று வயதில் திரும்பி வந்துவிட்டோம். இதை எத்தனையோ சாவடிகளில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பாதிதான் வந்தது.

"மேக்கெ நம மொகத்த?" என்று பெட்டியைத் தட்டிக் கேட்டார் அதிகாரி. இதற்குப் பெயர் என்ன?

இதே கேள்வியை அவனிடமும் கேட்பார்கள் என்று எனக்கு உடனே தெரிந்தது. இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அவன் பிடிவாதக்காரன், தன் பெயரைத்தான் சொல்வான். ஆகவே நான் விட்டுக்கொடுத்தேன். "ஆறாம் நாள், சேர்."

"எந்த மாதத்து ஆறாம் நாள்?"

விளையாட்டில் ஆறு நாள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் எழுந்து மரத்தடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "உன் கூட்டாளி வேறு பெயர் சொல்கிறான்."

என்ன பெயர் என்று நான் கேட்கவேயில்லை. எனக்காக அவனும் விட்டுக்கொடுத்திருக்கிறான், மடையன்.

அவர் வரைபடத்தை விரித்து, ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இது பர்மா இல்லை. நம் ஆறு." விரலை ஒரு வளைவில் வைத்தார். "நாம் இப்போது இருக்கிற இடம் இது."

ஐராவதியின் படம் கிடைக்கவில்லை, பாடசாலைப் படத்தைப் பார்த்து ஒற்றினோம் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு பொய் மாதிரி இருக்கிறது என்று எனக்கே கேட்டது. என்னைக் கொண்டுபோனால் வீட்டுக்கு யார் சொல்வார்கள், எத்தனை நாள் கழித்துச் சொல்வார்கள் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

"வைத்துக் காட்டு," என்றார்.

முதல் நாள் முடிவு என்று சொல்லி, டாங்கிகள் அப்போது நிற்கும் இடத்தில், நாங்கள் எப்போதும் ஆடுகிறபடி, பதினாறையும் வைத்தேன். ஒன்று உருண்டது, எடுத்து வைத்தேன். வேகமாக ஓடிய ஐந்துக்கும் பின்னால் பஞ்சு. அவர் நன்றாகப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கையால் வழித்துப் பெட்டிக்குள் போட்டு, என்னை வெளியே ஆற்றைப் பார்த்து நிற்கச் சொன்னார். அவனை உள்ளே கூப்பிட்டு, முதல் நாள் முடிவை வைத்துக் காட்டச் சொன்னார்.

திரும்பக் கூடாது. காதால் மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். பலகையில் மரக்கட்டை வைக்கும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. எண்ணினேன். பதினாறு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பஞ்சு வைத்தால் சத்தம் வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்தானா, பதற்றத்தில் மறந்தானா? ஆறு கீழே சும்மா போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன?" அதிகாரியின் குரல்.

"தூவிலி, சேர்." புழுதி. என் நண்பனின் குரல். "வேகமா போனா எழும்பும். தூரத்தில இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிடும்."

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருந்தன, பஞ்சு உட்பட. அதிகாரி ஒரு பஞ்சை விரலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கிட்ட இருக்காது," என்றார், எங்களைப் பார்க்காமலே. "வாகனம் போய்விடும். இது பின்னால் கனநேரம் நிற்கும்."

ஒரு டாங்கியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று தெரியாது. கேட்கவும் இல்லை. "போங்கள்," என்றார்.

அடுத்த பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். இறங்கிய பிறகுதான் அவன் கேட்டான், "ஏன்டா எண்ட பேரச் சொன்ன?"

"நீ ஏன்டா என் பேரச் சொன்ன?"

சிரிக்கப் பார்த்தோம். வரவில்லை.

அச்சகத்துக்காரர் யாழ்ப்பாணத்தவர். எழுத்து மாதிரிகளை விரித்து வைத்து, "சொல்லுங்கோ தம்பி, என்ன பேர் போடுறது?" என்றார். அந்தக் கேள்வியை அன்றைக்கு இன்னொரு முறை கேட்கிற சக்தி எங்கள் காதுக்கு இல்லை.

"நீ சொல்லு," என்றேன்.

"நீ செல்லு." அவன் என்னை ஓரமாக இழுத்தான். "மறுகா எங்கயாவது கேட்டா, ரெண்டு பேர்ட வாய்லயும் ஒண்டுதான் வரணும். பயத்துல ஈக்கக்குள்ளயும் வரணும். எத்தின டாங்கி ஈக்கி?"

"பதினாறு."

"எண்ணிப் பாரு."

பதினைந்து.

அச்சகத்துக்காரரிடம் சொன்னோம். "பதினைந்து டாங்கியோ?" மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உது வேற ஒருத்தரும் வைக்காத பேர்தான். வைக்கவும் மாட்டினம்." அதையே அடித்தார். பிறகு நாங்கள் செய்த பத்துப் பெட்டியிலும் ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் ஏழு. விதிப் புத்தகத்தையும் அதற்கேற்ப மாற்றினோம்.

அன்றைக்குத் திரும்பும் பஸ் அதே பாலத்தடியில் நின்றது. அச்சடித்த தாள்கள் என் பையில். வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நான்கு பேர், மூன்று பேர். பதினைந்து டாங்கி, பதினைந்து டாங்கி என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தேன். அவனுடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது.

காலையில் நின்ற சிப்பாய் இல்லை. இது புதியவர். பையைத் தொடவில்லை, அட்டையை மட்டும் பார்த்துக் கையை வீசினார். நடந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு பேருடைய உதடும் நிற்கவில்லை.