பதினான்கு லிட்டர் இருநூறு மில்லி

லோகநாயகி தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வேலைக்கு வந்த மூன்றாம் மாதம், ஊர்ப் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள். குளித்தவர்களுக்கெல்லாம் கண் எரிந்தது. சோற்றில் பிளீச்சிங் பவுடர் வாடை. ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்பது அளவு. தொட்டி முப்பதாயிரம் லிட்டர். காகிதத்தில் 0.12 கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்ததை அவள் 1.2 கிலோ என்று எடுத்துக்கொண்டு, நூற்றிருபது கிராம் போட வேண்டிய இடத்தில் ஒரு கிலோ இருநூறு கிராமைக் கரைத்து ஊற்றியிருந்தாள்.

"இன்னா லோகா, எங்கள கருவாடு போடப் பாக்கிறியா?"

"கருவாட்டுக்குக்கூட உப்புதான்டி போடுவாங்க. இவ வெளுக்கப் போடுறா."

லோகநாயகி நேரே தொட்டிக்குப் போனாள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினாள். அன்று சாயங்காலம், அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்த மகள் நிவேதாவின் வேதியியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எம்மா, அது என் புக்கு. எனக்கே மொத பாடம் ஏறல."

"ஏறாட்டி போ. எனக்கு ஏறினா போதும்."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த முதல் சில பக்கங்கள் ஏற ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு, எண்ணுக்குப் பின்னால் அலகு எழுதாமல் அவள் எதையும் விட்டதில்லை. ஒரு அலகை இன்னொன்றாக மாற்றும்போது, பெருக்குகிற எண்ணையும் வகுக்கிற எண்ணையும் அலகோடு எழுதுவாள். மேலும் கீழும் ஒன்றாக இருக்கும் அலகுகளை அடித்துவிட்டு, கடைசியில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பாள். கிராம் கேட்ட கணக்கில் லிட்டர் மிஞ்சினால், விடை எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் தப்பு. புள்ளி ஒரு இடம் தள்ளினால் ஒரு ஊருக்கே கண் எரியும் என்பதை அவள் மறக்கவில்லை.

ஊருக்குப் பெயர் புதுக் கோரைமேடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த பழைய கோரைமேடு ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு புயலில் முழுகியது. மிஞ்சிய நாற்பது குடும்பங்களும் இந்தக் கரைக்கு வந்துவிட்டன. திட்டில் இப்போது ஆள் கிடையாது. ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய குழாய் இன்னும் மண்ணுக்குள் கிடந்தது. போன வருடம் எல்லாக் கிளைக் குழாய்களுக்கும் மீட்டர் பொருத்தினார்கள். பழைய கோரைமேட்டுக் குழாயின் தலைப்பிலும், மோட்டார் அறைச் சுவரோரம், ஒன்று வந்து உட்கார்ந்தது.

வைகாசி மாதம் குடிநீர் வாரியத்தின் இளநிலைப் பொறியாளர் விஜயராகவன் பொன்னேரியிலிருந்து பைக்கில் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார்.

"பழைய கோரைமேடு லைன் பத்து மாசமா பூஜ்ஜியம்மா. யூஸ் இல்லாத லைனை வெட்டி அடைக்கச் சொல்லி ஆர்டர். அடுத்த திங்கக்கிழமை ஆளைக் கூட்டிக்கினு வரேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிடும்."

"பூஜ்ஜியம் இல்ல சார்."

"நீங்க அனுப்புன ஃபார்ம்லதான் பூஜ்ஜியம்."

"ஃபார்ம்ல முழுக் கன மீட்டர்தான் எழுதச் சொல்லிக்கீறீங்க. அரைக்குக் கீழ இருந்தா பூஜ்ஜியம்னு போட்டுக்கீது. போன மாசம் 0.426 ஓடிச்சு."

"அது ஒரு கணக்கா?"

"ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர் சார். நானூத்தி இருபத்தாறு லிட்டர். முப்பது நாளுக்கு."

விஜயராகவன் சிரித்தார். "எங்கயாவது ஒழுவும். திங்கக்கிழமை வெட்டிட்டா ஒழுகறதும் நின்னுடும்." வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு அவள் நானூற்று இருபத்தாறை முப்பதால் வகுத்தாள். நாளுக்குப் பதினான்கு லிட்டர் இருநூறு மில்லி. கன மீட்டரில் எழுதினால் கண்ணுக்கே தெரியாத எண். லிட்டரில் எழுதினால் ஒரு குடம்.

ஒழுகல்தான் என்று முதலில் அவளும் நினைத்தாள். நினைத்ததோடு விடாமல் கணக்குப் போட்டாள். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு. ஒரு நாளைய தண்ணீர் இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம் சொட்டு. நாளுக்கு எண்பத்தாறாயிரத்து நானூறு விநாடி. ஒழுகலாக இருந்தால் விநாடிக்கு மூன்று சொட்டுக்கு மேல், ராவும் பகலும் நிற்காமல் விழ வேண்டும். மீட்டரின் முள்ளும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் காலை ஆறு மணிக்கு மீட்டரைப் பார்த்தாள். எட்டுக்கு, பத்துக்கு, பன்னிரண்டுக்குப் பார்த்தாள். முள் ஒட்டவைத்ததுபோல நின்றது. ஒரு மணிக்குப் பார்த்தபோது சரியாக 0.0142 கூடியிருந்தது. பிறகு மறுநாள் காலைவரை அசையவில்லை.

புதன்கிழமை உச்சிப் பொழுதுக்கு முன்பே மீட்டர் எதிரில் குந்திக்கொண்டாள். மோட்டார் ஓடவில்லை. காற்றும் இல்லை. ஏரி தகரம்போலக் கிடந்தது. பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்கு, கண்ணாடிக்கு அடியில் இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் ஒரு தடவை நடுங்கிவிட்டு, விறுவிறுவென்று சுற்றத் தொடங்கியது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடம் ஓடியது. குடம் நிறைந்ததும் கை குழாயை மூடுமே, அப்படி, சட்டென்று நின்றது.

உடனே கிளம்பி, ஏரியோரம் மணல்வழியே திட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஆளே எதிர்ப்படவில்லை. பழைய வீடுகளின் சுவர்கள் இடுப்பளவு மணலில் புதைந்து கிடந்தன. வாசல்களில் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. ஊர்க் கோடியில் குழாய் மேடை மட்டும் அப்படியே இருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தாள். ஒரு கைக்கு மசியவில்லை. துரு ஏறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருகியும் அசையாமல், கல்லால் தட்டித்தான் இளக வைத்தாள். தண்ணீர் சீறி வந்தது. மறுபடி இறுக்கி மூடினாள். ஆறு வருடமாக யாரும் தொடாத குழாய்போலத்தான் இருந்தது. ஆனால் மேடை மேல் படிந்திருந்த மணலில், ஈரமாக, வட்டமாக, குடத்தின் அடி பதிந்த தடம். சுற்றிலும் அவளுடைய காலடிகளைத் தவிர வேறு காலடி கிடையாது.

இடுப்பில் செருகியிருந்த அளவு நாடாவை எடுத்து வட்டத்தின் குறுக்கே பிடித்தாள். இருபத்து மூன்று சென்டிமீட்டர். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பிடித்தாள். இருபத்து மூன்றுதான்.

வீட்டில் பரண்மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் இருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. அது அம்மணியின் குடம்.

அம்மணி லோகநாயகியின் ஓரகத்தி, கணவன் எல்லப்பனுடைய அண்ணன் பெண்டாட்டி. பழைய கோரைமேட்டில் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம். அந்த ஊரில் ஆண்கள் ஏரியில் வலை போடுவதற்கு முறை வைத்திருந்தார்கள். பாடு என்பார்கள். இன்றைக்கு இந்த வீட்டார், நாளைக்கு அந்த வீட்டார். ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் பிறகு திருப்பித் தந்தாக வேண்டும். பெண்கள் அதே முறையைக் குழாயடிக்கும் கொண்டு வந்தார்கள். அம்மணிக்கு ஒரு நாள், லோகநாயகிக்கு ஒரு நாள், தண்ணீர்ப் பாடு.

புயல் வந்த நாள் லோகநாயகியின் பாடு. காற்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தலைவலி இல்லை, பயம்.

"இன்னாடி, மழ வந்தா மட்டும் உனக்குத் தல வலிக்கும்?" என்று அம்மணி சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்தாள். "படு, படு. திருப்பிக் குடுத்துடு, மறந்துடாத."

உச்சிப் பொழுது. கடல் திட்டைத் தாண்டி ஏரிக்குள் விழுந்தது. அம்மணி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் குடம் மட்டும் மிதந்து வந்து ஒதுங்கியது. அம்மணியின் புருஷன் பிள்ளையை அழைத்துக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். தலைவலி பொய் என்று லோகநாயகி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பரணிலிருந்து குடத்தை இறக்கித் தூசியைத் துடைத்து, அடியின் குறுக்கே நாடாவைப் பிடித்தாள். இருபத்து மூன்று. கடையில் பதினைந்து லிட்டர் என்று சொல்லி விற்ற குடம். ஆனால் ஒரு தடவை அடுப்புக்கு அருகில் வைத்து ஒரு பக்கம் இளகி உள்வாங்கிவிட்டது. இப்போது கல்லூரியில் படிக்கும் நிவேதாவின் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, கோடுவரை நிரப்பி, ஒவ்வொன்றாக ஊற்றினாள். அம்மணி எப்போதும் கழுத்துக்குக் கீழ் மடிப்புவரைதான் பிடிப்பாள், நடக்கும்போது தளும்பக்கூடாது என்று. பதினான்கு பாட்டில் ஆனது. பதினைந்தாவது பாட்டிலில் கொஞ்சம் ஊற்றியதும் மடிப்பைத் தொட்டது. மிச்சத்தை, மகளுக்குக் கல்லூரியில் கொடுத்திருந்த அளவு உருளையில் ஊற்றிப் பார்த்தாள். எண்ணூறு மில்லி மிச்சம்.

ஆயிரத்திலிருந்து எண்ணூறு போக இருநூறு.

நிவேதா கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா குடத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, பெரியம்மா குடத்த ஏன் எறக்கின?"

"அளந்து பாத்தேன்டி."

"அதுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

லோகநாயகி நோட்டை நீட்டினாள். நிவேதா கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். கணக்கில் பிழை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பிழை இல்லை. "தற்செயலா இருக்கும்மா," என்றாள், குரல் இறங்கி.

"இருக்கலாம். ஆனா திங்கக்கிழம வெட்டிட்டா, அவ தண்ணிக்கு எங்கடி போவா?" அதைச் சொன்ன பிறகுதான் லோகநாயகிக்குத் தன் வாசல் குழாய் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை மீட்டரைக் குறித்துக்கொண்டு, பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்து லோகநாயகி திட்டுக்குப் போனாள். உச்சியில் குழாயடியில் நின்றாள். பக்கத்தில் யாரோ காத்திருப்பதுபோலக் கழுத்தோரம் குளிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னிக்கு என் பாடு," என்றாள்.

குழாய் ஒரு கைக்குத் திறந்துகொண்டது. மடிப்புவரை பிடித்து மூடினாள். வீட்டுக்குத் தூக்கி வந்து, அந்தத் தண்ணீரிலேயே சோறு வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை மீட்டரைப் பார்த்தாள். ஒரு நாளில் 0.0142 கன மீட்டர். அவள் பிடித்த குடம் மட்டுமே. இன்னொரு குடம் ஓடவில்லை.

ஒரு தடவை பார்த்ததை அவள் நம்புகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே போகாமல், மீட்டர் எதிரில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு இருபதுக்குச் சிவப்புச் சக்கரம் நடுங்கிச் சுற்றியது. இரண்டு நிமிடம். 0.0142. சனிக்கிழமை மறுபடி போனாள். அன்றும் ஒரு குடம்தான். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. சக்கரம் சுற்றியது.

திங்கட்கிழமை விஜயராகவன் இரண்டு ஆளும் வெட்டுகிற இயந்திரமுமாக வந்தார். லோகநாயகி நோட்டைப் பிரித்து நீட்டினாள். நேரம், அளவு, கன மீட்டரில் ஒரு வரி, லிட்டரில் ஒரு வரி, மில்லியில் ஒரு வரி.

"ஒழுகல் இல்ல சார். ஒழுவுனா நாள் பூரா நகரும். இது ரெண்டே நிமிசம், ஒரே நேரத்துல. ஆள் புடிக்கிற தண்ணி."

அவர் பக்கத்தைப் புரட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "எங்க ஆபீஸ்லயே யாரும் இப்படி எழுதினதில்லம்மா. சரி, அங்க யாரு கீறாங்க? ஒரு குடும்பம் யூஸ் பண்ணாலும் லைனை வெட்டக்கூடாதுதான். பேர் வேணுமே."

"எழுதிக்குங்க சார். அம்மணி."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் ஓரகத்தி."

"தனியாவா கீறாங்க அந்த மணல்ல? பயமா இருக்காது?"

"அவளுக்கு எப்பவும் பயம் கிடையாது சார். பயம் எனக்குத்தான்."

விஜயராகவன் படிவத்தில் பெயரை எழுதினார். பயனாளிகள்: ஒருவர். எழுதிய பிறகு ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை நீட்டினார். லோகநாயகி கையெழுத்துப் போட்டாள். ஆட்கள் இயந்திரத்தை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள்.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் திட்டுக்குப் போகிறாள். வாரத்துக்கு ஏழு நாள் என்பதால் கிழமைக் கணக்கு சரிப்படாது என்று, நாட்காட்டியில் நாட்களை எண்ணிப் போகிறாள். அவள் போகாத நாட்களில் உச்சிப் பொழுதுக்கு மோட்டார் அறைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. மாதக் கடைசியில் லிட்டரைக் கூட்டி, ஆயிரத்தால் வகுத்து, கன மீட்டரில் எழுதுகிறாள். படிவம் அதைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்கிறது. அவளுடைய நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, ஒருநாள் லோகா, மறுநாள் அக்கா என்று எழுதி, 14.2 லிட்டர் என்று அலகோடு இருக்கிறது. இதுவரை ஒரு மில்லிகூட மாறவில்லை.