அரக்கு நூலின் மறுமுனை

காலை பத்து மணி நாற்பத்தைந்து நிமிடம். தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேசை மேல் இருந்த சதுர பிஸ்கட் டின். மூடி இல்லை. உள்ளே செல்போன்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எண்ணினேன், ஏழு. மேலிருந்து மூன்றாவது என் மகளுடையது. பின்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டு, விரிசலை மறைக்கப் பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

அடுத்து கண்ணில் பட்டவள் தலைமையாசிரியை. முப்பத்தொரு வருடமாக நான் பேசாதவள்.

பள்ளியின் விதி எளிமையானது. வகுப்பில் பிடிபட்ட போன் பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். முதல் தடவை என்றால் பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுக்கலாம். தலைமையாசிரியைக்கு மனமிருந்தால் அன்றே கிடைக்கும். மகள் ஆட்டோவில் வரும்போதே இதை மூன்று தடவை சொல்லிவிட்டாள். "எதிர்த்துப் பேசாதம்மா. மேடம் மனசு வெச்சாதான். மார்ச் வரைக்கும் போன் இல்லாம நான் செத்துடுவேன்."

மேடத்தை எனக்குத் தெரியும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. இந்தப் பள்ளியில் அவளைச் சேர்த்தது என் கணவர். பெற்றோர் கூட்டங்களுக்கெல்லாம் போனதும் அவர்தான். அந்த நாட்களிலெல்லாம் எனக்குத் தவறாமல் வேறு வேலை இருந்தது. அன்று அவர் ஊரில் இல்லை.

"உக்காருங்க" என்றாள் தலைமையாசிரியை. 'ங்க' போட்டுத்தான். நானும் "தேங்க்ஸ் மேடம்" என்றேன். என் மகள் சுவரோரமாக நின்றாள். சுவரில் கால அட்டவணை ஒட்டியிருந்தது. எதிரில் எது எழுதியிருந்தாலும் படித்துவிடுகிற பழக்கம் பத்திரிகை வேலையில் வந்தது, படித்தேன். ஏழாம் பாடவேளை, இரண்டரை முதல் மூன்று பத்து வரை, பன்னிரண்டாம் வகுப்பு 'ஏ', கணக்கு. எதிரே அவளுடைய இனிஷியல். தலைமையாசிரியை ஆன பிறகும் கணக்கு வகுப்பை விடவில்லை.

அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் குற்றத்தை வாசித்தாள். "நேத்து நாலாவது பீரியட், பிசிக்ஸ். பதினொன்று ஐம்பதுக்கு 'ஏ' செக்‌ஷன்லேர்ந்து 'பி' செக்‌ஷனுக்கு மெசேஜ் போயிருக்குது. 'பசிக்குதுடி.' பதினொன்று ஐம்பத்தொண்ணுக்கு பதில் வந்திருக்குது. 'எனக்கும்.'"

"அவ்ளோதான் மேடம்" என்றாள் மகள்.

"அவ்ளோதானா? நடுவுல அழுவுற மூஞ்சி பதினாலு அனுப்பியிருக்கிற. அத நான் படிக்கல, எண்ணி வெச்சிருக்கேன்."

பிறகு உறுதிமொழிப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். பெயர், கைபேசி எண் எல்லாம் எழுதினேன். கடைசி வரியில் பேனா நின்றது. 'வகுப்பில் கவனம் சிதறாமல் இருப்பதன் அவசியத்தை என் சொந்த முன்னுதாரணத்தின் மூலம் என் மகளுக்கு உணர்த்துவேன் என்று உறுதி கூறுகிறேன்.'

தட்டச்சில் பிழை எதுவும் இல்லை. பிழை விஷயத்தில் இருந்தது. அந்த வரி பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்த மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் படித்த பள்ளி சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில். அப்போது செல்போன் இல்லை. தெரு இருந்தது. ஜன்னலில் புறப்பாட்டுக் குடையின் உச்சி தெரிந்தால் முதலில் வெளியே போகிறவர் கணக்கு சார்தான். சாக்பீஸோடு கும்பிடுவார், திரும்பி வரும்போது நெற்றியில் நாமத்தோடு கூட ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். யானை மணி கேட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். குரங்கு வந்தால் முழு வகுப்பும் நிற்கும், ஏனென்றால் அது டிபன் டப்பாவைத் திறக்கக் கற்றிருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் நெய்பவர் டீ குடிக்கப் போய்விட்டார், மணி பதினொன்று என்று அர்த்தம். கடிகாரத்தைவிட அதைத்தான் நம்பினோம்.

எங்களிருவரையும் ஒன்பதாம் வகுப்பில் ஓயாமல் பேசியதற்காகப் பிரித்தார்கள். அவளை 'ஏ'விலும் என்னை 'பி'யிலும் போட்டார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். தட்டியின் இந்தப் பக்கம் கடைசிப் பெஞ்சு எனக்கு. அந்தப் பக்கம் கடைசிப் பெஞ்சு அவளுக்கு. நடுவில் மூன்றடி.

இருவர் வீட்டிலும் தறி. பட்டு நூலுக்குப் பஞ்சமில்லை. எந்த நிறம் என்பதில்தான் ஒரு வாரம் யோசித்தோம். தரை சிவப்புச் சிமெண்ட்; அதன் மேல் அரக்கு நூல் கிடந்தால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. ஒரு முனை என் கால் கட்டைவிரலில், தட்டிக்கு அடியில் போய் மறுமுனை அவள் கால் கட்டைவிரலில். ஒரு இழுப்பு என்றால் 'பேசலாம்'. இரண்டு என்றால் 'வாத்தியார் வருகிறார்'. பசிக்கு மூன்று. இழுப்பதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் பசிதான்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நூலுக்கு வேறு வேலை கொடுத்தோம். கணக்கில் ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவளுக்குக் கணக்கு வரும். எனக்கு வராது. நான் ஒரு தடவை இழுத்தால் அடுத்த கேள்வி; அவள் எத்தனை இழுக்கிறாளோ அத்தனையாவது விடை. திட்டத்தில் குறை இல்லை.

குறை என் வாயில் இருந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் அவள் புதுப் பட்டுப் பாவாடை கட்டி வந்தாள். அவள் அப்பா நெய்தது. நான் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "ஜரிகை அசல் மாதிரி தெரியலையே" என்றேன். வேறு ஊரில் இது ஒரு பேச்சே இல்லை. காஞ்சிபுரத்தில் நெய்கிறவர் மகளிடம் இதைச் சொல்வதும் அவள் அப்பாவைத் திருடன் என்பதும் ஒன்று. அவள் பாவாடை ஓரத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலை நூலின் முனை தட்டிக்கு அடியில் வழக்கமான இடத்தில் இருந்தது. சமாதானம் என்று நினைத்து விரலில் மாட்டிக்கொண்டேன்.

என் பக்கம் மேற்பார்வைக்குத் தையல் டீச்சர். எதையும் கவனிக்கவில்லை. இழுத்தேன், பதில் வந்தது. பதினைந்து தடவை. ஒன்றையும் யோசிக்காமல் எழுதினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று கணக்கு சார் என்னுடையதை மட்டும் உயர்த்திப் பிடித்தார். "கண்ண மூடிக்கினு எழுதினா கூட பதினஞ்சுல மூணு நாலு சரியா வந்துடும்மா. பதினஞ்சும் தப்பா எழுதறதுக்கு தனித் தெறம வேணும். கைதட்டுங்கப்பா." இரண்டு வகுப்பும் கைதட்டியது. எனக்கு மொத்தம் இருபத்தெட்டு, பெயில்.

பாவாடைக்குப் பழிவாங்கிவிட்டாள் என்று முடிவு செய்தேன். அன்று மாலை வாசலில் அவள் ஏதோ சொல்ல வந்தாள். "துரோகி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"என்ன?" என்றாள் தலைமையாசிரியை.

"இதுல கையெழுத்துப் போட முடியாது மேடம். 'சொந்த முன்னுதாரணம்'னு இருக்குது."

மகள் என் தோளைக் கிள்ளினாள். "அம்மா!"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "முப்பத்தொரு வருஷம் கழிச்சு ஒருவாட்டி நியாயமா பேசுற."

"நீ பழிவாங்கினது மட்டும் நியாயமா? கணக்குல இருபத்தெட்டு வாங்கி பெயிலானேன்."

"யாருடி பழிவாங்கினது?"

அந்த 'டி' கேட்டதும் மகள் சுவரைவிட்டு நகர்ந்து மேசைக்கு வந்துவிட்டாள்.

"நான் ஒரு இழுப்பு கூட இழுக்கல" என்றாள் அவள். "கேள்வித்தாள் குடுத்த அஞ்சாவது நிமிஷம் கணக்கு சார் என் பக்கத்துல வந்து குனிஞ்சாரு. நூல அறுத்துடுவாருன்னு பார்த்தேன். அவுரு வூட்லயும் தறிதான. நூல அறுக்கிற கையா அது? என் விரல்லேர்ந்து முடிச்ச மெதுவா கழட்டி, தன் விரல்ல மாட்டிக்கினு, என் பக்கத்துல ஸ்டூல போட்டு உக்காந்துட்டாரு. 'எப்படிம்மா, ஒரு இழுப்புன்னா முதல் விடையா?'ன்னு கேட்டாரு. பயத்துல தலையாட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் எழுதற வரைக்கும் காத்துக்கினு இருந்து, என் பேப்பர பார்த்து, நான் எழுதினது இல்லாத ஒண்ண இழுத்தாரு. பதினஞ்சு வாட்டி. ஒரு கேள்விக்கு நான் தப்பா எழுதிட்டேன். அவுரே 'இது தப்பும்மா, திருத்து, இல்லன்னா அவளுக்கு ஒண்ணு சரியாயிடப்போவுது'ன்னாரு."

மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஏதோ உறைத்து நிமிர்ந்தாள். "மா, நீ எக்ஸாம்ல காப்பி அடிச்சியா?"

"நீ வெளிய போய் நில்லு" என்றோம் இருவரும். அவள் போகவில்லை.

"எப்படி நம்பறது?" என்றேன்.

"இழுப்பு எப்படி இருந்துச்சு? என் இழுப்பு மாதிரியா?"

யோசித்தேன். அவள் இழுப்பு எப்போதும் பதற்றமாக, அரைகுறையாக இருக்கும். அன்று வந்தவை ஒரே அளவு, ஒரே இடைவெளி, தறியில் நாடாவை ஓடவிடும் கயிற்றை இழுக்கிற கையின் வெட்டு. கோபத்தில் இழுக்கிறாள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேனே வாசல்ல. துரோகின்னு பட்டம் குடுத்துட்டு சைக்கிள்ல ஏறிப் பூட்ட."

மகள் மனதில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தாள். "இருபத்தெட்டும் பதினஞ்சும் நாப்பத்திமூணு. மேடம் இழுத்திருந்தா நீ பாஸ்மா."

"எனக்கு அந்தப் பதினஞ்சு விடையும் இன்னும் மனப்பாடம்" என்றாள் தலைமையாசிரியை.

"சும்மா சொல்லாத."

"அந்தப் பாவாடையும் பீரோவுல இருக்குது. ஜரிகை கறுக்கவே இல்ல. வந்து பாரு."

"அந்த சார்?" என்றேன்.

"ஓரிக்கையில இருக்காரு. தெனமும் காலையில அஞ்சு மணிக்கு குட்மார்னிங் அனுப்புறாரு. ரோஜாப்பூ, விநாயகர், மறுபடி ரோஜாப்பூ."

டின்னுக்குள் யாருடைய போனோ அதிர்ந்தது. ஏழும் சேர்ந்து நடுங்கின. அவள் பார்க்காமலே கையால் டின்னைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'என் சொந்த முன்னுதாரணத்தின் மூலம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். டின்னில் இருந்து மூன்றாவது போனை எடுத்து மகளிடம் கொடுத்தாள். "அடுத்தவாட்டி மார்ச்சுலதான். உங்க அம்மா யாரா இருந்தாலும்."

மகள் வகுப்புக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட்டு, படுத்தேன்.

மதியம் இரண்டு ஐம்பதுக்கு என் போன் ஒலித்தது. புது எண். செய்தியில் வார்த்தை எதுவும் இல்லை, இலக்கங்கள் மட்டும்: 2 4 1 3 3 1 2 4 4 1 2 3 1 4 2.

இரண்டு ஐம்பது அந்தப் பள்ளியில் ஏழாம் பாடவேளை. பன்னிரண்டாம் வகுப்பு 'ஏ', கணக்கு.